பதினேழாம் தகடு

ஆயிரத்தக்கா என்றால்தான் அந்த மருத்துவமனையில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஒரு கண்ணாடித் தகட்டில் ஆயிரம் செல் எண்ண வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து விதி. விதி என்று இருந்தால் அதற்கு ஒரு வளைவும் இருக்குமே, மற்றவர்கள் ஐந்நூறு எண்ணி இரண்டால் பெருக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் மட்டும் ஆயிரத்தையும் எண்ணாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். ஒருமுறை தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்து, கட்டடமே காலியாகி, எல்லோரும் வெளியே வெயிலில் நின்றபோதும் இவள் உள்ளே உட்கார்ந்து எழுநூற்று நாற்பதிலிருந்து எழுநூற்று ஐம்பதுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

வேலையை விட்டு நின்று ஆறு வருடம் ஆயிற்று. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. மாடிப்படி, ஜன்னல் கம்பி, பேருந்தில் முன்னால் இருப்பவரின் சட்டைக் கட்டம், எதையும் விடுவதில்லை. பதினாறுக்குப் பிறகு கொஞ்சம் நிற்பாள். உதடு மட்டும் அசையும். அப்புறம் பதினெட்டு என்பாள்.

கூடப் பிறந்த ஒரே தம்பியின் உயிர் ஒரு தகட்டில் இருந்தது, அது அவள் கைக்கு வந்தது, அவள் அதை ஒதுக்கி வைத்தாள். நடந்தது இவ்வளவுதான். அதைவிடக் கொடுமை, அதை அவனிடம் அவன் காது கேட்கும்போதே சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்ததற்கும் சொன்னதற்கும் நடுவே பதினோரு நாள்.

அவள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம், கஷ்டமில்லை. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தம் பிறக்கும் இடம். அங்கே இருக்கும் இளம் செல்கள் ஓயாமல் ஒன்று இரண்டாகப் பிரியும். பிரிவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் தன் டி.என்.ஏ.வை முழுசாக இன்னொரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். படி எடுக்கத் தேவையான சரக்குகளில் தைமிடின் என்று ஒன்று. அதில் துளியூண்டு கதிரியக்கத்தை ஏற்றி மஜ்ஜைச் செல்களுக்குக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் படி எடுத்துக்கொண்டிருக்கும் செல் அதை வாங்கி விழுங்கும். சும்மா இருக்கிற செல் தொடாது. பிறகு செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, இருட்டறையில் போட்டோ பிலிமில் இருக்கும் பூச்சையே திரவமாக்கி அதில் முக்கி எடுத்து, ஒளி புகாத கருப்புப் பெட்டியில் போட்டு மூன்று வாரம் குளிர்பெட்டியில் வைப்பார்கள். மூன்று வாரம் கழித்துக் கழுவிப் பார்த்தால், தைமிடினை விழுங்கிய செல்லின் மேல் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் விழுந்திருக்கும். கருவில் புள்ளி இருந்தால் அந்தச் செல் வேலை செய்துகொண்டிருந்தது. புள்ளி இல்லையென்றால் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, புள்ளி உள்ளதற்கு ஒரு பொத்தான், இல்லாததற்கு ஒரு பொத்தான் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய டாக்டருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு விடை. கதிர் பட்டால் இந்தப் படியெடுக்கும் வேலை எவ்வளவு குறைகிறது? அதற்காக ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜையை எடுத்து இரண்டு குழாயில் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள். ஒரு குழாய் கதிர் அறைக்குள் போகும். இன்னொன்று, வெறும் குழாய், கதவுக்கு வெளியே நிற்கும். இரண்டையும் எண்ணி ஒப்பிட வேண்டும். வெறும் குழாயில் ஆயிரத்துக்கு முந்நூறு செல்லாவது புள்ளியோடு இருக்கும். கதிர் பட்டதில் பாதியாகக் குறைந்துவிடும். பத்துப் பதினைந்து பேரிடம் எடுத்தும் இந்தக் கணக்கு பிசகவே இல்லை.

எண்ணுகிறவளுக்கு எது யாருடையது என்று தெரியக்கூடாது. தகட்டில் நம்பர் மட்டும்தான். நம்பருக்கு எதிரே பெயர் எழுதிய குறிப்பேடு பெரிய டாக்டர் மேசையில், பூட்டிய இழுப்பறையில். இன்னொரு விதியும் உண்டு. பெரிய டாக்டர் முதல் நாளே அவளிடம் சொன்னது: புள்ளியை மட்டும் எண்ணு, செல்லின் உருவத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும், எண்ணிக்கையும் கூடவே சாயும், உருவத்தைப் பார்க்க நான் இருக்கிறேன். அவளும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சொன்னதைச் செய்கிற ஜாதி அவள், என்ன செய்ய.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் அக்காதான். அவனைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள், தள்ளிப்போட்டவள்தான். அவன் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை என்ன தெரியுமா? பற்றவைத்த இடங்களைக் கதிரால் படம் பிடித்துப் பார்ப்பது. விரல் நுனியளவு உலோகத் துண்டு, அதுதான் கதிர் வீசும் சரக்கு. அதைக் கனமான ஈயப்பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். குழாயருகே பெட்டியை வைத்து, தள்ளி நின்று கைப்பிடியைச் சுற்றினால் துண்டு கம்பியோடு வெளியே போகும். படம் விழுந்ததும் சுற்றி உள்ளே இழுத்தால் பூட்டு 'டக்' என்று விழும். அந்த 'டக்' கேட்டால்தான் பெட்டியைத் தொடலாம். தொட்டு, வாரைத் தோளில் மாட்டி, வலது இடுப்பில் சாய்த்துக்கொண்டு அடுத்த குழாய்க்கு நடக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு பேரும் கதிர்காரர்கள் என்று அவன் கேலி பேசுவான். "நான் குழாய்க்குள்ள ஓட்டை தேடுறேன், நீ மனுஷனுக்குள்ள தேடுற. ரெண்டு பேருக்கும் நல்ல பொழப்பு" என்பான். அவள் சிரிக்க மாட்டாள். மார்பில் குத்தும் பட்டை ஒழுங்காகக் குத்தினாயா என்று கேட்பாள். எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் பட்டை அது. குத்தினேன் குத்தினேன் என்பான். அவள் அதற்குமேல் துருவ மாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்து வாசலில் அவனே வந்து நின்றான். மஜ்ஜை கொடுக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தீர்களே, நான் கொடுக்கிறேன் என்றான். அவளுக்கு ஆச்சரியம். ஊசியென்றால் ஓடி ஒளிகிற பையன். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டவன். அறிவியலுக்கு உதவலாம் என்று ஒரு எண்ணம்தான் என்று அசடு வழிந்தான். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது, மறைப்பானேன். இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கோட்டுக்குக் கீழே இல்லை, போதும் என்று விட்டுவிட்டார்கள். வலது இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். அவள் உள்ளே போகவில்லை, போகக்கூடாது. அந்த வாரம் கொடுத்தது ஐந்து பேர். பதினாலிலிருந்து பதினெட்டு வரை நம்பர்.

அந்த வாரத்தில் அவள் கண்ணில் பட்ட இன்னொன்றும் உண்டு. அவன் பெல்ட் போடவில்லை. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனான். இடுப்பில் பெல்ட் உரசி வேர்க்குரு வந்திருக்கிறது என்று பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான். மேல் அலமாரியில் பார் என்றாள் இவள்.

மூன்று வாரம் கழிந்தது. பதினாலு, பதினைந்து, பதினாறு எல்லாம் பிசகில்லாமல் வந்தன. பதினேழை எடுத்து வைத்தாள். வெறும் குழாயின் தகடு. முதல் நூறிலேயே அவளுக்கு முகம் சுளித்தது. இருநூறு, முந்நூறு என்று போகப் போகத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. ஆயிரத்தை முடித்தபோது நூற்று முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள். நூற்று முப்பத்திரண்டு. தகட்டைத் திருப்பி வேறு மூலையிலிருந்து எண்ணினாள். அதே நூற்று முப்பத்திரண்டு. இப்படி ஒரே எண் மூன்று தடவை வருவது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கதிர் பட்ட குழாயின் தகட்டில் நூற்றுக்கும் கீழே கிடந்தது.

பூச்சில் கோளாறா என்று பார்த்தாள். அதே நாள் அதே கிண்ணத்தில் முக்கிய பதினாறும் பதினெட்டும் நன்றாக இருந்தன. அப்படியென்றால் வேறு என்ன? அவளுக்குத் தோன்றியதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தோன்றியிருக்கும். கதிர் அறைக்குக் குழாய்களைக் கொண்டுபோகிறவர், தட்டுக்காரர் என்று அவருக்குப் பெயர், இரண்டு குழாயையும் தட்டோடு உள்ளே வைத்துவிட்டார். வெறும் குழாய்க்கும் கதிர் பட்டுவிட்டது. வேறு என்ன இருக்க முடியும்? வருகிறவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். ஆரோக்கியமான மஜ்ஜையில் நூற்று முப்பத்திரண்டு வராது. ஆகவே மஜ்ஜை சரி, கைதான் தவறு.

தட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பதில் பேசத் தெரியாதவர், ஆனால் அன்றைக்குப் பேசினார். "அந்த வெறும் குழாய் என் கையிலேயே இருந்துச்சும்மா. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன். அதை நான் எங்கேயும் வைக்கவே இல்ல" என்று அவளைப் பார்த்தே சொன்னார். பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். எண்ணியது ஆயிரத்தக்கா. தட்டு தூக்கியது தட்டுக்காரர். யார் பேச்சு எடுபடும்? அவரைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் பதிவேட்டில் பதினேழுக்கு எதிரே 'இரு குழாயும் கதிர் பட்டது. கெட்டது. சேர்க்க வேண்டாம்' என்று எழுதி, தகடுகளை மரப்பெட்டியில் கடைசிக் குழியில் செருகினாள்.

அன்று சாயங்காலம் அவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டான். சும்மா போகிற போக்கில் கேட்பது போலத்தான் இருந்தது. என் வாரத்துத் தகடெல்லாம் எண்ணியாகிவிட்டதா? ஆகிவிட்டது என்றாள். எப்படி வந்தது? எல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஒன்றுதான் கெட்டுவிட்டது, அதுவும் தட்டுக்காரர் செய்த குளறுபடி, ஆளுக்கு ஒன்றுமில்லை என்றாள். யாருடையது கெட்டது என்றான். அது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்று அதட்டினாள். பிறகு, "அப்போ எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றான். "ஆமாடா, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் இவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குளித்தான். அதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன பிரயோசனம்.

நாலு மாதம் போயிற்று. முதலில் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. பிறகு எங்கே இடித்துக்கொண்டான் என்று தெரியாமல் தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகத் தடிப்பு. பிறகு காய்ச்சல், இறங்காத காய்ச்சல். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். இரத்தத்தில் எல்லா அணுவும் கீழே கிடந்தது. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் செல்லே இல்லை, வெறும் கொழுப்பு. தனியறையில் படுக்க வைத்தார்கள்.

தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. பெட்டியைச் சோதித்ததில் பூட்டின் வில் தேய்ந்திருந்தது தெரிந்தது. 'டக்' என்ற சத்தம் வரும், ஆனால் துண்டு முழுசாக உள்ளே போகாது, ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். இது எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அவன் தெரியாது என்றான். அவன் பட்டையைப் பார்த்தால் துளிக் கதிர்கூடப் பதியவில்லை, பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

பெரிய டாக்டர் அன்றைக்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னார். பேச்சோடு பேச்சாக இழுப்பறையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தார். "உன் தம்பி நம்மகிட்ட மஜ்ஜை குடுத்தவன்தானே. அதோட இதை ஒப்பிட்டுப் பார்த்தா எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சிருக்கும். பாரு, நம்ம நேரம், கெட்டுப்போன அந்தப் பதினேழுதான் அவனோடது" என்றார். சொல்லிவிட்டு நோட்டை மூடினார். அவருக்கு அது ஒரு வருத்தம், அதோடு சரி.

அவள் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மரப்பெட்டியின் கடைசிக் குழியிலிருந்து தகட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். இந்தத் தடவை எண்ணவில்லை, பார்த்தாள். அங்கங்கே செல்கள் பூதம் மாதிரி வீங்கிக் கிடந்தன. சிலவற்றில் கருவுக்குப் பக்கத்தில் உடைந்த துணுக்கு ஒன்று தனியாகக் கிடந்தது. இரண்டாகப் பிரிந்த செல்கள் சில, பிரிந்தும் பிரிய முடியாமல், நடுவில் மெல்லிய நூல் ஒன்று கட்டியிழுக்க அப்படியே நின்றன.

கதிர் பட்ட செல் ஒரு தடவை பிரிந்து பார்த்தால்தான் அந்த நூல் வரும். அதற்கு ஒரு நாளாவது வேண்டும். குழாயில் கதிர் பட்டதிலிருந்து தகட்டில் பூசுவது வரை மொத்தம் ஒன்றரை மணி நேரம். குழாயில் பட்ட கதிரால் இந்த நூல் வரவே வராது. இந்தச் செல்கள் குழாய்க்கு வரும் முன்னாலேயே, அவன் இடுப்பெலும்புக்குள் இருக்கும்போதே, அடி வாங்கியவை. பெட்டியை அவன் சாய்த்துக்கொண்டு நடந்த அதே வலது இடுப்பு. தட்டுக்காரர் சொன்னது சத்தியம். தகடு கெடவே இல்லை. நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நான் சலுகை காட்டியது போலாகும். அந்த நூல்களை அவள் அன்றைக்கும் பார்த்தாள். மூன்று தடவை எண்ணியவள் பார்க்காமல் இருப்பாளா? பார்த்தாள், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பொத்தானைத் தட்டினாள், அடுத்ததற்குப் போனாள். உருவத்தைப் பார்க்கிறவர் பெரிய டாக்டர். ஆனால் கெட்டது என்று எழுதிய தகட்டை அவர் எதற்கு எடுத்துப் பார்க்கப் போகிறார்?

அன்றே சொல்லியிருந்தால் அவன் அந்த நாலு மாதம் பெட்டியைத் தூக்கியிருக்க மாட்டான். அந்தத் தகட்டில் இருந்த மஜ்ஜை அடி வாங்கிய மஜ்ஜைதான், செத்த மஜ்ஜை இல்லை. மேலே அடி விழாமல் விட்டிருந்தால் தேறியிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு அவள் எப்படி நடமாடினாள் என்று கேட்காதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவன் மூச்சை எண்ணுவாள். சொட்டு சொட்டாக இறங்கும் இரத்தத்தை எண்ணுவாள். கண்ணை மூடினால் மூடிய கண்ணுக்குள் செல்கள் வந்து நிற்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் நூல். அவன் தண்ணீர் கேட்டால் டம்ளரில் நூல் தெரியும். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு போனால்கூட அவளுக்கு நடுவில் நூல் தெரிந்தது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள், மென்று முழுங்கிவிடுவாள். நோயில் கிடப்பவனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சாக்கு. அவன் தேறட்டும் என்று இன்னொரு சாக்கு. அவன் தேறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தினமும் அவன் இரத்தத் தகட்டை எண்ணுகிறவள் அவள்தானே, வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை.

அந்தக் குறிப்பேடு திறந்ததிலிருந்து ஒன்பதாம் நாள் துணி வெளுக்கும் பகுதிக்குப் போனாள். ஆவியும் சோடா நெடியுமாக இருந்தது. தட்டுக்காரர் படுக்கை விரிப்புகளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தார். குழாய் உங்கள் கையில்தான் இருந்தது, தப்பு என்மேல்தான் என்று சொன்னாள். அவர் பாதியில் விட்ட விரிப்பை எடுத்து மடித்து முடித்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா" என்றார் கடைசியில்.

ஆமாம், சொன்னீர்கள் என்றாள்.

"யாரோடதும்மா அது?"

என் தம்பியுடையது என்றாள். அவர் மடித்த விரிப்புகளை ஒதுக்கிவிட்டு அவள் உட்கார இடம் பண்ணிக் கொடுத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்து வந்தவள் அவள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் திரும்பவும் எழுந்து விரிப்பை மடிக்கப் போய்விட்டார்.

பதினோராம் நாள் மத்தியானம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கி அவன் தெளிவாக இருந்தான். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. அக்காவின் கையைத் தேடிப் பிடித்தான். இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று அவள் உறுதியாக வந்திருந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பட்டையை நான் குத்திக்கவே இல்ல. லாக்கர்ல வெச்சுட்டுப் போயிடுவேன். எல்லாரும் அப்படித்தான். அதுல அதிகமா விழுந்தா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கல்ல."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னான். பூட்டு சரியில்லை என்பது அவனுக்கு முன்னாலேயே தெரியுமாம். மஜ்ஜை கொடுக்க வந்ததற்கு முந்தின வாரம், பக்கத்துக் குழுவின் கதிர் அளக்கும் கருவி அவன் பெட்டிக்குக் கிட்டே வந்ததும் கத்து கத்தென்று கத்தியதாம். சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டிப் பூட்டைச் சரிபண்ணினானாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பட்டை எங்கே என்பார்கள்.

"ஆனா பயம். இடுப்பு வேற செவந்துபோச்சு. யாரைக் கேட்பேன்? அப்போதான் உங்க பலகையில பார்த்தேன். அறிவியலாவது ஒண்ணாவது. நீ எண்ணுவன்னு தெரியும். ஏதாவது இருந்தா உன் கண்ணுக்குத் தப்பாதுன்னு தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

அவள் கை அவன் கைக்குள் இருந்தது. இழுத்துக்கொள்ளத் தோன்றியது, இழுக்கவில்லை.

"நீ எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னே பாரு, அன்னைக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அந்தக் கருவி இவ்வளவு கத்தியும் ஒண்ணும் ஆகலையே, இதுக்கா பயந்தோம்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பூட்டைப் பத்தி நான் கவலையே படல. பின்னாடி பூட்டு எப்போ மறுபடி கெட்டுச்சோ. உன்மேல தப்பில்லக்கா, அப்போ நல்லாத்தானே இருந்தேன்."

ஆக, தம்பி தன் உயிரைக் கொண்டுவந்து அக்காவிடம் எண்ணக் கொடுத்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லாமல். அவள் எண்ணுவாள் என்ற ஒரே தைரியத்தில். சமையலறை வாசலில் நின்று அவன் கேட்டது தகட்டைப் பற்றி இல்லை.

இனி சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. அவனே விடுதலை கொடுத்துவிட்டான். அப்போது நல்லாத்தானே இருந்தேன் என்று சொல்லிவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் அப்படியே நம்பிக்கொண்டு போய்விடுவான். ஆனால் ஆயிரத்தக்காவால் முடியவில்லை. குறைத்து எண்ணத் தெரியாதவள் அவள்.

"நல்லா இல்லடா. அந்தக் கெட்டுப்போன ஒண்ணு உன்னோடதுதான். அது கெடல. நான்தான் கெட்டதுன்னு எழுதி வெச்சேன்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரத்தம் ஏற்றும் குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பதினாறு விழுகிற வரைக்கும் அவள் எண்ணினாள்.

"எத்தனை வந்துச்சு?" என்றான்.

"ஆயிரத்துக்கு நூத்தி முப்பத்திரண்டு."

"எவ்வளவு இருக்கணும்?"

"முந்நூறு. முந்நூத்திச் சொச்சம்."

"திரும்ப எண்ணினியா?"

"மூணு தடவை எண்ணினேன். மூணு தடவையும் அதேதான்."

அவன் மெல்லத் தலையை அவள் பக்கம் திருப்பினான். அவள் கையை அவன் விடவில்லை. சின்ன வயதில் அவள் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். சரியாகச் சொன்னால் தலையில் தட்டிக்கொடுப்பாள். அந்த மாதிரி அவன் அவள் கையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"அப்போ சரியாத்தான் எண்ணியிருக்க" என்றான்.

அதில் குத்தல் இருந்திருந்தால் அவள் எப்படியோ தாங்கியிருப்பாள். அவன் பாராட்டித்தான் சொன்னான்.